சண்முகத்தாய் போட்ட கோல்ஃப் டூர்

சண்முகத்தாயிடம் "உன்னால முடியுமா?" என்று மட்டும் யாரும் கேட்கக்கூடாது. கேட்டால் கோபம் பொத்துக்கொண்டு வரும். "என்னைக்குப் போகணும்?" என்று கேட்டால் போதும், மீதியை அவள் பார்த்துக்கொள்வாள்.

சிவகாசியில் என் பிரஸ்ஸை ஒட்டி ஒரு சின்ன அறை இருக்கிறது. அதுதான் அவளுடைய டிராவல்ஸ். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, வாசலில் சொந்த வேன். வேனை ஓட்டுவது புருஷன் சுடலை; சுடலையை ஓட்டுவது அவள். முன்பு விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைத்துக்கொண்டிருந்தாள். தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்திருக்கும் நாட்களில், கூட வேலை பார்ப்பவர்களைச் சேர்த்துக்கொண்டு குற்றாலம், வேளாங்கண்ணி என்று கிளம்புவாள். அப்படிக் கூட்டிப்போனதே பிறகு தொழிலாகிவிட்டது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

போன மாசியில் அதே கம்பெனியின் சின்ன முதலாளி மாரீஸ்வரன் அவளைத் தேடி வந்தான். அவர்களிடம் சரக்கு எடுக்கும் வடக்கத்தி வியாபாரிகள் பதினாறு பேரைக் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போய், உயர்ந்த ஹோட்டலில் தங்கவைத்து, மூன்று நாள் கோல்ஃப் விளையாட வைக்கவேண்டும். அடுத்த சீசன் ஆர்டர் எல்லாம் அந்தப் புல்தரையில்தான் பேசப்படும்.

"அக்கா, நீங்க வேன் மட்டும் குடுங்க. மத்ததெல்லாம் சென்னையில ஒரு கம்பெனிக்காரங்க பாத்துக்கிடுவாங்க."

"வேன் மட்டும்னா வேற ஆளப் பாருங்க தம்பி. முழு டூரையும் என்கிட்ட விட்டீகன்னா செய்யுறேன்."

"கோல்ஃப்னா என்னன்னு தெரியுமாக்கா?"

"தெரியாது. தெரிஞ்சிக்கிடுறேன்."

மாரீஸ்வரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும், "சரி, பிளான் போட்டுக் காட்டுங்க, பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாளே சுடலையைக் கிளப்பிக்கொண்டு மலை ஏறிவிட்டாள். கோல்ஃப் மைதானத்து ஓரத்தில் நாள் முழுக்க நின்று வேடிக்கை பார்த்திருக்கிறாள். திரும்பி வந்ததும் நேரே என் பிரஸ்ஸுக்குள் நுழைந்தாள்.

"அண்ணே, அது நம்ம பட்டாசு ஷெட்டு மாதிரித்தான். அங்கயும் நாலு பேருக்கு மேல சேந்து நிக்கமாட்டாக. முன்னால போன நாலு பேரு விலகுன பெறகுதான் பின்னால உள்ள நாலு பேரு பந்தை அடிக்கணும். அவசரப்பட்டா மண்டை உடஞ்சிரும். இதுல எனக்குத் தெரியாதது என்ன இருக்கு?"

பதினாறு பேரையும் நாலு நாலாகப் பிரித்தாள். வேகமாக நடப்பவர்கள் முதலில், முட்டிவலிக்காரர்கள் கடைசியில். மட்டைப் பையைத் தூக்க ஆள் பிடித்தாள். வெங்காயம், பூண்டு சேர்க்காத சமையல்காரரைப் பிடித்தாள். பூண்டு போடாத காராச்சேவு வேண்டுமென்று சாத்தூரில் ஒரு கடைக்காரரோடு சண்டையே போட்டாள். ஹோலிப் பண்டிகை முடிந்த பிறகுதான் அவர்களுக்குத் தோதுப்படும் என்று பங்குனிக் கடைசியில் தேதி குறித்து, கிளப்பிலும் ஹோட்டலிலும் இடம் பிடித்தாள். மாரீஸ்வரன் எல்லாவற்றையும் கேட்டு முழு டூரையும் அவளிடமே விட்டான். வியாபாரிகளும் சரி என்று சொல்லிவிட்டார்கள்.

"நானும் முன்சீட்டுல உக்காந்து போவேன்ணே. இனிமே ஒரு பய என்னைய வேன்காரின்னு சொல்லப்பிடாது" என்று தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஆனைக்கும் அடி சறுக்கும். அவள் ஊர் மாரியம்மனுக்கு எப்போதும் சித்திரையில்தான் பொங்கல் திருவிழா சாட்டுவார்கள். இந்த வருஷமும் அப்படித்தான் என்று நினைத்து, கோல்ஃப் வேலையாக அலைந்ததில் ஊர்க்கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிட்டாள். கூட்டத்தில் பங்குனிக் கடைசிக்கே முடிவு பண்ணிவிட்டார்கள். திருவிழாவை அறிவித்துக் காப்புக் கட்டிவிட்டால், பொங்கல் முடியும்வரை ஊர்க்காரர்கள் ராத்திரி வெளியூரில் தங்கக்கூடாது. அதிலும் அவள், மகள் பொன்மணிக்கு நர்ஸ் வேலை கிடைத்ததற்காக இந்தப் பொங்கலுக்கு அக்கினிச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தாள். டூர் போகும் மூன்று நாளும் காப்புக்குள்ளேயே விழுந்தன.

மாரீஸ்வரன் இதைப் பெரிதாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "அதுக்கென்னக்கா, அதான் பிளான் ரெடியா இருக்குல்ல. கூட்டிட்டுப் போறதை அந்தச் சென்னைக்காரங்க பாத்துக்கிடட்டும். சுடலையண்ணன் பொறந்த ஊரு வேறதானே, இந்தக் காப்பு அவரக் கட்டாதுல்ல, அவரு வேனை எடுத்துட்டு வரட்டும். நீங்க நிம்மதியா சாமியப் பாருங்க."

அவன் போன பிறகு என் பிரஸ்ஸில் வந்து உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

"இது நான் போட்ட டூருன்னு அவுக முன்னால நிக்கணும்னு ஆசைப்பட்டேன்ணே. கடைசியில வேன் மட்டுந்தானா?"

எனக்கும் பொறுக்கவில்லை. "தேதிய மாத்தச் சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

"சொன்னேன். அம்மன் சாட்டுன்னு சொன்னா அம்புட்டுப் பெரிய ஆளுக சிரிப்பாகன்னு தம்பி வெக்கப்படுது."

மூக்கைச் சிந்தினாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். "சிரிச்சாச் சிரிக்கட்டும். என் சாமியச் சொல்ல எனக்கென்ன வெக்கம்? எந்திரிங்க."

என்னையும் இழுத்துக்கொண்டு கம்பெனி ஆபீசுக்குப் போனாள். வியாபாரிகளில் மூத்தவர் இந்தூர் சேட். அவர் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். அவரைக் கூப்பிடச் சொல்லி மாரீஸ்வரனை நச்சரித்து, ஸ்பீக்கரையும் போடச் சொன்னாள். லோடு ஏற்ற வரும் வடக்கத்தி டிரைவர்களிடம் பேசிப் பேசி வந்த இந்தி அவளுடையது. அதில் இலக்கணம் கிடையாது, பயமும் கிடையாது.

"சேட்ஜி, எங்க ஊர்ல அம்மாவுக்குக் காப்புக் கட்டுறாங்க. அது முடியுறவரை நான் ராத்திரி வெளிய தங்கக்கூடாது. தேதிய தள்ளி வைக்கணும். இந்த டூரு நான் போட்டது, நான் இல்லாம நடக்காது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

மாரீஸ்வரன் தலையில் கை வைத்துக்கொண்டான்.  போச்சு, ஆர்டரே போச்சு என்றுதான் நானும் நினைத்தேன்.

பிறகு சேட் மெதுவாகப் பேசினார். அந்த வாரம் அவர்களுக்கும் நவராத்திரியாம். அவர்கள் பக்கம் பங்குனியிலும் ஒன்று வருமாம். வீட்டில் தேவி அம்மாவுக்கு ஏற்றிய விளக்கு ஒன்பது நாளும் அணையக்கூடாது, வீட்டை விட்டு நகரவும் மனசு வராது. பாதிப் பேர் விரதம் வேறு. "கம்பெனி தேதி குறித்துவிட்டது, இதைப் போய்ச் சொன்னால் சிரிப்பார்களே என்று நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை" என்றார்.

எனக்கு வந்ததே எரிச்சல்! இங்கே ஒரு அம்மா, அங்கே ஒரு அம்மா. இரண்டு பக்கமும் மறைத்து வைத்துக்கொண்டு கௌரவம் பார்த்திருக்கிறார்கள். இந்த லட்சணத்தில் கோல்ஃப்!

"எல்லாம் முடிஞ்சு சித்திரையில வச்சுக்கிடுவோம் சேட்ஜி. கிளப்புல, ஹோட்டல்ல நான் பேசிக்கிடுறேன்" என்றாள் சண்முகத்தாய்.

"நல்லது. ஆனால் நீங்கள் கூட வருவீர்கள்தானே அம்மா? உங்களை நம்பித்தான் நாங்கள் மலை ஏறுவோம்."

அவள் போனை மாரீஸ்வரன் பக்கமாகத் தள்ளினாள்.

"சேட்டு கேக்காரு. நீங்களே சொல்லுங்க தம்பி."

மாரீஸ்வரன் போனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"வருவாங்க சேட்ஜி," என்றான். "டூரே அவங்களோடதுதான்."