ரஞ்சிதா எண்டர்பிரைசஸும் ஆடி மாதமும்

சிறுதொழில் செய்கிறவர்களைக் கைதூக்கிவிட அரசாங்கம் எத்தனையோ திட்டம் போடுகிறது. அந்தத் திட்டங்களால் சந்தேகமே இல்லாமல் பலனடைந்த ஒரு சிறுதொழில்காரனை எனக்குத் தெரியும். நான்தான் அது. சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகிற சாலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மானியக் கடனுக்கு எழுதிப் போடுகிறவர் தொழில் தொடங்குகிறாரோ இல்லையோ, அவர் எடுக்கிற நகல்களில் என் தொழில் நடந்துவிடும். இனி எல்லாமே ஆன்லைன், காகிதமே வேண்டாம் என்று சொன்ன அன்று கடையை மூடிவிடலாமா என்று நான் யோசித்தது உண்மை. பிறகு, ஆன்லைனில் ஏற்றியதை அச்செடுத்து மூன்று செட் நேரில் கொண்டுவரச் சொன்னார்கள். அரசாங்கம் ஏழையைக் கைவிடாது என்று அன்றைக்குத்தான் நம்பினேன்.

என் பெருமை கிடக்கட்டும். பக்கத்துக் கடை ரஞ்சிதாவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

பக்கத்துக் கடை போர்டில் 'காளியண்ணன் தார்ப்பாய் கடை' என்று இருக்கும். காளியண்ணன் ரஞ்சிதாவின் வீட்டுக்காரர். லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்துக் கொடுக்கிற கடை அது. டிரைவர்களிடம் பேசுவது, விலை சொல்வது, டீக்குச் சொல்லிவிட்டு நாட்டு நடப்பைச் சரிசெய்வது எல்லாம் காளியண்ணனின் பொறுப்பு. தைப்பது மட்டும் ரஞ்சிதா. ஓமலூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த சூட்டோடு தையல் மெஷினில் உட்கார்ந்தவள், மகள் மைதிலி ஒன்பதாம் வகுப்புக்கு வந்த பிறகும் எழுந்தபாடில்லை. தார்ப்பாய்த் துணி கனம். அதை இடுப்பால் முட்டித் தள்ளிக்கொண்டே தைக்க வேண்டும். சாயங்காலம் எழுந்தால் கொஞ்ச நேரம் கூன் போட்டுத்தான் நடப்பாள். வருகிறவர்கள் அவளிடம் நேராக எதையாவது கேட்டால், "அவரக் கேளுங்க" என்பாள். அவர் திரும்பி, "இது எப்பங் கெடைக்கும் புள்ள?" என்று அவளைக் கேட்பார். அவள் சொல்கிற பதில் அவர் வாய்வழியாக வாடிக்கையாளருக்குப் போய்ச் சேரும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் ஒரு மழை வந்து குறுக்கே விழுந்தது. வரிசையாக லாரி வைத்திருக்கிற நாமக்கல் குருமூர்த்தி இவர்களுடைய பெரிய வாடிக்கை. அவருடைய லாரியில் போன மைதா மூட்டைகள் வழியிலேயே களியாகிவிட்டன. தைத்த தார்ப்பாயில் ஊசி போன ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. மனிதர் நல்ல மாதிரி, சத்தம் போடவில்லை. "இப்பெல்லாம் தைக்கறதே இல்லீங்களாமா, மெஷின்ல வெச்சுச் சூட்டுல ஒட்டறாங்களாமா. நீங்க ஒட்டறதுன்னா எல்லா வண்டிக்கும் உங்ககிட்டத்தான் போடுவேன். இல்லைன்னா வேற பக்கம் பாத்துக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போய்விட்டால் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். மெஷினின் விலையைக் கேட்டுவிட்டு வந்த காளியண்ணன் அன்று டீ கூடக் குடிக்கவில்லை.

அப்போதுதான் நான் மானியக் கடன் திட்டத்தைப் பற்றிச் சொன்னேன். பெண்கள் பெயரில் எடுத்தால் மானியம் கூடுதல் என்ற வரியைப் படித்ததும் காளியண்ணனுக்குப் பெண்ணுரிமையில் திடீரென்று ஒரு பற்று வந்தது. "பொம்பளைங்க முன்னுக்கு வரோணுமுங்க" என்றார். இத்தனை வருஷமாகப் பின்னால் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தவளைத் திரும்பிப் பார்த்து, "உன்ர பேர்ல போட்டர்லாம், சும்மா பேருக்குத்தான்" என்று ஆறுதலும் சொன்னார். போட வேண்டிய சொந்தப் பங்குக்கு அவள் வளையல்கள் போயின. அது மட்டும் பேருக்கு இல்லை.

விதிமுறை ஒரு அழகு. புதிதாகத் தொழில் தொடங்குகிறவராக இருக்க வேண்டும், ஏற்கெனவே தொழில் செய்கிறவருக்குக் கிடையாது என்றது திட்டம். முன் அனுபவம் இல்லாதவருக்குக் கடன் தர மாட்டோம் என்றது பேங்க். பிள்ளையும் பெற்றிருக்க வேண்டும், கல்யாணமும் ஆகியிருக்கக் கூடாது. காளியண்ணன் யோசித்து, கடைக்கு நடுவில் ஒரு பழைய தார்ப்பாயைத் திரையாகக் கட்டினார். இந்தப் பக்கம் பழைய கடை, அந்தப் பக்கம் 'ரஞ்சிதா எண்டர்பிரைசஸ்'. திரைக்கு இந்தப் பக்கம் அவள் அனுபவசாலி, குனிந்து அந்தப் பக்கம் போனால் புதுமுகம். தொழில் முனைவோர் பயிற்சியைப் போனிலேயே நடத்தினார்கள். ரஞ்சிதா போனை நூற்கண்டு மேல் சாய்த்து வைத்துவிட்டுத் தைத்துக்கொண்டே கேட்டாள். "உழைப்பின் அருமையை உணருங்கள்" என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தி, "யாரோ மெஷின் ஓட்டறீங்க, அந்தச் சத்தத்த நிறுத்துங்க மேடம்" என்று கடிந்துகொண்டார். உங்கள் பலவீனம் என்ன என்று கேட்டு எழுதச் சொன்னார்கள். அவள் எழுதியதை நான்தான் ஸ்கேன் செய்து அனுப்பினேன். 'வீட்டுக்காரர்' என்று ஒரே சொல் இருந்தது. காளியண்ணன் கண்ணில் படாமல் அனுப்பிவைத்தேன்.

நேர்காணலுக்குக் காளியண்ணனும் கூடப் போனார். கேட்ட கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொன்னதால், தொழில்முனைவோரின் கணவர் வெளியே இருக்கும்படி ஆயிற்று. உள்ளே இருந்தவர்கள் அவளை வாஞ்சையோடு பார்த்து, "ஏம்மா, தார்ப்பாயெல்லாம் எதுக்கு? ஊறுகாய், சாம்பிராணி, பினாயில் இப்படி ஏதாவதுன்னா லேடீஸுக்குச் சௌகரியமா இருக்குமே" என்றார்களாம். ஊறுகாய் போட்டு லாரியை மூட முடியாதுங்களே என்று இவள் சொன்னாளாம். இதை அவளே என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பிறகு விண்ணப்பம் தவம் செய்யப் போய்விட்டது. தை போயிற்று, பங்குனி போயிற்று, அருமையான முகூர்த்தங்களோடு வைகாசியும் போயிற்று. குருமூர்த்தி ஒவ்வொரு லாரியாக வேறு இடத்தில் கொடுக்க ஆரம்பித்தார். எல்லாம் தீர்ந்து ஆடி பிறந்தது. அலுவலகத்துக்கு எங்கிருந்தோ ஒரு இலக்கு வந்து விழ, ஒரே வாரத்தில் கடன் பாஸாகி மெஷின் வேனில் வந்து இறங்கிவிட்டது. நம் ஊரில் பெண் பார்க்காத மாதம், புது வீட்டில் பால் காய்ச்சாத மாதம், கல்யாணமான பெண்ணைக்கூடப் பிறந்த வீட்டுக்கு அழைத்துக்கொள்கிற மாதம் பார்த்துத்தான் அரசாங்கம் தொழில் தொடங்கச் சொல்லும்.

காளியண்ணன் அசைந்து கொடுக்கவில்லை. மெஷினைக் கிழக்குப் பார்த்து வைத்து, சுற்றிவந்த பிளாஸ்டிக்கைக் கூடப் பிரிக்காமல் வேப்பிலை சொருகி, விபூதி பூசி, ஆவணி முதல் முகூர்த்தத்துக்குக் காத்திருக்கும்படி அதனிடம் சொல்லிவிட்டார். கரண்ட் கனெக்‌ஷனுக்கு வைத்த பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். யாரும் கை தவறி ஓட்டிவிடக் கூடாதாம். ரஞ்சிதா பழையபடி தையல் மெஷினிலேயே போய் உட்கார்ந்தாள். அவளுக்கும் ஆடி என்றால் பயம்தான்.

அலுவலகத்திலிருந்து மணிமாறன் என்பவர் பார்வையிட வந்தார். நல்ல மனிதர், நெற்றியில் குங்குமம். மெஷின் கோலத்தைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அண்ணா, மெஷின் ஓடற போட்டோவ வெள்ளிக்கிழமைக்குள்ள ஏத்தோணுமுங்க. இல்லைன்னா யூனிட் தொடங்கலைன்னு ஆயிரும். மானியம் கெடைக்காது. மொத்தக் கடனும் அம்மா தலைல வந்து நிக்கும்" என்றார்.

"ஆடில எப்படீங்க? ஆடிப் பதினெட்டுக்கு வேணா போடறேன். அது நல்ல நாளு."

"அது வெள்ளிக்கப்புறம் வருதுங்க. அன்னைக்கு லீவு வேற. நானே குடும்பத்தோட பவானி ஆத்துக்குப் போறேன்."

"நீங்களே சொல்லுங்க, உங்க ஊட்ல ஆடில எதாச்சும் தொடங்குவீங்களா?"

மணிமாறன் குரலைத் தாழ்த்தினார். "என்ர புது ஊட்டையே பூட்டி வெச்சிருக்கறேனுங்க, ஆவணில குடி போலாம்னு. எனக்குப் புரியுது. கம்ப்யூட்டருக்கு ஆடியும் தெரியாது, ஆவணியும் தெரியாதுங்களே."

வெள்ளிக்கிழமை மணிமாறன் மறுபடி வந்தார். காளியண்ணன் எதிரே டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார், பியூஸ் கட்டை பையில் பத்திரமாக இருந்தது. கடையில் ரஞ்சிதா மெஷினுக்கு முன்னால் நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. வளையல் போன வெறும் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஆடியில் தொட்டு மைதிலிக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று முந்தின நாள்தான் என்னிடம் கேட்டிருந்தாள். மானியம் போனால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தாள்.

சாலையைத் தாண்டி அவள் நேராக டீக்கடைக்குப் போனதைப் பார்த்து நானும் பின்னால் போனேன்.

"ஏனுங்க, கட்டையக் குடுங்க."

"ஆவணி பொறக்கட்டும் புள்ள. மாசத்த மீறித் தொட்டா குடும்பத்துக்கு ஆகாது."

டீக்கடையே திரும்பிப் பார்த்தது. அத்தனை பேர் முன்னால் அவள் அவரிடம் எதையும் கேட்டதே இல்லை.

"நான் சித்திரைல பொறந்தவளுங்க" என்றாள். "சித்திரை அப்பன் தெருவிலேன்னு சொல்லிச் சொல்லித்தான் எங்கூட்ல சோறு போட்டாங்க. கடசி வரைக்கும் எங்கப்பன் நல்லாத்தான இருந்தாரு. மாசத்துக்குப் பயந்தா நான் பொறந்தே இருக்கக் கூடாதுங்க."

காளியண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். அவருக்குக் கோபமில்லை, நிஜமாகவே பயம்தான். அது அவர் குரலில் தெரிந்தது. "எதாச்சும் ஒண்ணு ஆயிப்போச்சுன்னா?"

"ஆச்சுன்னா என்ர பேர்ல ஆகட்டும். கடன் என்ர பேர்லதான இருக்குது."

சும்மா பேருக்கு என்று சொன்னவர் பெஞ்சிலிருந்து எழுந்தார். கை தானாகப் பைக்குள் போய்க் கட்டையை எடுத்து நீட்டியது. அவள் வாங்கிக்கொண்டு சாலையைத் தாண்டினாள். பிளாஸ்டிக்கைக் கிழித்தாள், வேப்பிலையை மட்டும் எடுக்காமல் விட்டாள். வேன்காரன் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனபடி சூடேற்றி இரண்டு துண்டை வைத்து ஒட்டினாள். முதல் ஒட்டு கருகிப் போயிற்று. இரண்டாவது வளைந்தது. மூன்றாவதை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தாள், பிரியவில்லை. மணிமாறன் போட்டோ எடுத்தார். அவள் சிரிக்கவில்லை, கண் கலங்கியிருந்தது. பயனாளியின் முகம் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்று விதிமுறையில் நல்லவேளை எதுவும் இல்லை.

மணிமாறன் போட்டோவை ஏற்றப் பார்த்தார். சர்வர் படுத்துவிட்டது. என் கடைக்கு வந்து என் கம்ப்யூட்டரில் பார்த்தார். அங்கேயும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பொழுது சாயும்வரை சுற்றியது. அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது: தொழில்நுட்பக் கோளாறு காரணமாகப் போட்டோ ஏற்றுவதற்கான கடைசி நாள் ஆவணி முடியும்வரை நீட்டிக்கப்படுகிறது. அதை அச்செடுத்து நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன், காசு வாங்கவில்லை.

"பாத்தியா?" என்று காளியண்ணன் குதித்தார். "அதுக்குள்ள என்ன அவசரம்னு நான் கேட்டனே!"

ரஞ்சிதா தலை நிமிரவில்லை. அதற்குள் குருமூர்த்தியின் இரண்டு லாரிக்கு ஒட்டி முடித்துவிட்டிருந்தாள், மூன்றாவது வண்டி வாசலில் நின்றது. ஒரு மழையும் பெய்து, மூட்டை நனையவில்லை என்று போனும் வந்துவிட்டது. மானியமும் ஆவணியில் வந்தது. வந்த உடனே அதை பேங்கில் சில வருஷத்துக்குப் பூட்டி வைத்துவிட்டார்கள். எப்போது வேண்டுமானாலும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், தொடக் கூடாது.

காளியண்ணன் மட்டும் விடவில்லை. ஆவணி முதல் முகூர்த்தத்தில், ஒரு மாதமாக ஓடிக்கொண்டிருக்கும் மெஷினுக்குத் தொடக்க விழா வைத்தார். மாலை, வாழைக்கன்று, பொரி கடலை, வேட்டி கட்டிக்கொண்டு அவர். பூசாரி தட்டை எடுத்து, "யாரு பேருக்குங்க அர்ச்சனை?" என்று கேட்டார். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் சொல்கிற பழக்கத்தில் காளியண்ணன் தன் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். எடுத்தவர் நின்றார். திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"ரஞ்சிதாங்க" என்றார்.

பூசாரி கற்பூரம் வைத்துக்கொண்டே, "அம்மிணி, மெஷின நிறுத்திட்டு வந்து கும்புட்டுக்கங்க" என்று கூப்பிட்டார்.

"ஒட்டு நடுவுல இருக்குதுங்க, நிறுத்துனா விட்டுப் போயிரும்" என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "சித்த இருங்க, முடிச்சுட்டு வாரேன்."

கொளுத்த வேண்டாம் என்று பூசாரிக்குக் கை காட்டிவிட்டு, கற்பூரத்தட்டைத் தானே வாங்கிக்கொண்டார் காளியண்ணன். அவள் முடிக்கிறவரைக்கும் திரைக்கு இந்தப் பக்கம் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.