குளிரறையிலிருந்து வந்த வெண்டை விதை

மலேசியாவின் ஷா ஆலமில் விதை பாக்கெட் போடும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராகச் சேர்ந்த புதிது. ப்ரொபேஷன் முடியவில்லை. ஆனாலும் என் கையெழுத்து இல்லாமல் ஒரு பாக்கெட்டும் வெளியே போகக்கூடாது. அதற்குத்தான் சம்பளம்.

அன்று மதியம் மழை அப்போதுதான் விட்டிருந்தது. சாப்பிட்டுத் திரும்பினால், சூப்பர்வைசர் அண்ணன் குளிரறையிலிருந்து வெண்டை விதை மூட்டைகளை வெளியே எடுத்து, இரண்டைப் பிரித்தும் விட்டிருந்தார். உள்ளே கை விட்டேன். விதை சில்லென்று விரலில் ஒட்டியது.

"குளிர் விடுறவரைக்கும் பிரிக்காதீங்கன்னு சொன்னேன்லண்ணே?"

"ஏர்கான்ல இருந்த மூட்டைம்மா. நல்லா காய்ஞ்சிருக்கும்லா."

இங்கே எல்லோருக்கும் இந்த நம்பிக்கை உண்டு. பள்ளிச் சான்றிதழ், கேமரா, தோல் செருப்பு, பூசணம் பிடிக்கும் எதுவானாலும் ஏர்கான் அறையில் வைத்தால் போதும் என்று. அவர் கையில் தொங்கிய தே ஓ ஐஸ் பையை, ஐஸ் போட்ட கடுந்தேநீர்ப் பையைக் காட்டினேன்.

"வெளிய சொட்டுதே, பை ஓட்டையா?"

"இல்லையே."

"காத்துல இருக்கிற தண்ணிண்ணே, சில்லுன்னு இருந்தா வந்து ஒட்டிக்கும். விதை மேலயும் அதுதான் படிஞ்சிருக்கு."

ஈரம் அளக்கும் மீட்டரில் போட்டுப் பார்த்தேன். வரம்பைத் தாண்டியிருந்தது. காய்ந்த விதை அலுமினிய பாக்கெட்டுக்குள் வருடக்கணக்கில் உறங்கும். ஈர விதை மூச்சு விடும், சூடேறும், பூசணம் பிடிக்கும், சாகும். நன்றாக ஒட்டிய பாக்கெட் அந்த ஈரத்தை வெளியே விடவும் விடாது. வாங்கி விதைத்தவர் தன் மண்ணைத்தான் திட்டுவார்.

முதலாளி வந்தார்.

"லோரி நிக்குது. கையெழுத்த போடும்மா."

"இந்த ரெண்டு மூட்டையும் காயணும் பாஸ். மத்தத நாளைக்குப் பிரிக்கலாம். இப்ப போட மாட்டேன்."

"நீ இன்னும் ப்ரொபேஷன்லதான் இருக்க. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு பாஸ். வேணும்னா என்னை இப்பவே வேலைய விட்டு அனுப்பிடுங்க. நான் போனாலும் இந்த விதை ஈரமாத்தான் இருக்கும்."

முதலாளி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தே ஓவை உறிஞ்சிக்கொண்டே கூரையைப் பார்த்தார். நான் உலர்த்தும் அறையைத் திறந்து தட்டுகளை இழுத்தேன். விதையை மெல்லிய அடுக்காகப் பரப்பத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் அண்ணனும் வந்து ஒரு தட்டை எடுத்தார்.

வெளியே முதலாளி லோரிக்காரரிடம், "நாளைக்கு வாங்கண்ணே, சரக்கு ரெடி இல்ல" என்பது கேட்டது. பிறகு வாசலில் வந்து நின்றார்.

"நாளைக்கும் காயலன்னா?"

"நாளைக்கும் போட மாட்டேன் பாஸ்."