அவர் படித்த வரி

இரண்டு வருடங்களுக்கு முன் பர் துபாயில், தோழி ஒருத்தியின் ஃபிளாட்டில் எங்கள் வாசகர் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. மாதம் ஒரு ஞாயிறு, பத்துப் பேர். நான் தமிழ் எம்.ஏ. என்பதால் கடைசி வார்த்தை எப்போதும் என்னுடையதுதான்.

அந்த மாதம் தமிழில் வந்திருந்த ஒரு பழைய டச்சு நாவல். ஓயாத மழை பெய்யும் ஊரில் ஒரு பெண் மெல்ல நொறுங்கிப்போகும் கதை. இயற்கைவாதம், பரம்பரை, சூழல் என்று கட்டுரைகளில் படித்ததையெல்லாம் அரை மணி நேரம் பேசினேன்.

அன்றுதான் முதல்முறையாக வந்திருந்தார் ஒருவர். அறந்தாங்கிப் பக்கம், கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலை, தொழிலாளர் கேம்ப்பில் தங்கியிருந்தார். தயங்கித் தயங்கிச் சொன்னார்: “மொத அத்தியாயத்துல அந்தப் பொண்ணு எந்த வாக்கியத்துலயும் எதுவும் செய்யல மேடம். மழை செய்யுது, திரைச்சீலை செய்யுது, ஈரம் செய்யுது. ஒரே ஒரு எடத்துல அவளா கதவத் தொறக்குறா. அங்க மட்டும் வாக்கியம் மூணே வார்த்தை.”

ஒருத்தி அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் பேசும்போது அவள் பேனாவைத் திறக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து, அவர் சொன்னது தப்பாக இருக்காதா என்று பென்சிலோடு அந்த அத்தியாயத்தை அலசினேன். சரியாகவே இருந்தது. வயிற்றெரிச்சல் இன்னும் கூடியது.

அதே நாவலைத் தொடர்ந்து பேசவிருந்த அடுத்த கூட்டத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றினேன். அவருக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு என்று எனக்குத் தெரியும்.

“சனிக்கிழமை டியூட்டி மேடம், பரவால்ல,” என்று எனக்குத் தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். “கடைசி அத்தியாயத்துல அவ பேரு ஒரு தடவகூட வரல. ‘அவள்’னுகூட இல்ல. நாற்காலி, விளக்கு, தலகாணிதான். சாகுறதுக்கு முன்னாடியே எழுத்துலேருந்து எடுத்துட்டாங்க. சரியான்னு பாத்துச் சொல்லுங்க.”

சனிக்கிழமை அதை நான் கண்டுபிடித்ததுபோலவே பேசினேன்.

“இத்தனை நாள்ல நீ பேசினதுலயே இதுதான்டி அருமை!” என்றாள் தோழி. கையில் இருந்த டீயைக் குடிக்க முடியவில்லை.

திரும்பும்போது மெட்ரோவில் உட்கார்ந்து எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினேன்: அது யார் சொன்னது, கூட்ட நாளை நான் ஏன் மாற்றினேன், இரண்டையும். அனுப்பும் பட்டனைத் தொடுவதற்குள் மூன்று ஸ்டேஷன் போய்விட்டது.

மறு மாதம் ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் மன்னிப்புக் கேட்டேன்.

“அத விடுங்க மேடம். நான் சொன்னது எல்லாருக்கும் புரிஞ்சுதா?” என்றார். அவ்வளவுதான்.

என்னைவிட நன்றாகப் படிக்கிறவரைக் கண்டால் இன்றும் எனக்கு உள்ளே எரியத்தான் செய்கிறது. ஆனால் இப்போதெல்லாம், அவர் கவனித்த அந்த வரியை எனக்காக இன்னொரு தடவை வாசித்துக் காட்டும்படி அவரிடமே கேட்டுவிடுகிறேன்.