டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் ஓட வேண்டிய ஹீட் பம்ப்

லோரெட் டேகல் அக்டோபரிலேயே பணத்தைக் கட்டிவிட்டாள். ஏழாயிரம் டாலர். வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் உலைக்குப் பதிலாக, வெளிக்காற்றிலிருந்தே சூட்டை இழுத்துத் தரும் ஹீட் பம்ப் போடுகிறவர்களுக்கு, அவர்கள் கட்டும் வருமான வரியில் இரண்டாயிரம் டாலர் வரை கழிவு உண்டு. அந்தச் சலுகை 2025 டிசம்பரோடு முடிகிறது என்று கோடையிலேயே சட்டம் வந்துவிட்டது. அதனாலென்ன, பணம் கட்டிய ரசீதுதான் கையில் இருக்கிறதே என்று அவள் இருந்துவிட்டாள். கனடா எல்லையை ஒட்டிய எங்கள் ஊரான மேட்வாஸ்காவில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தோம்.

இங்கே ஹீட் பம்ப் பொருத்துகிற ரெனால்ட் தெரியோ அவளுடைய அக்கா மகன். நவம்பரில் வந்து தலையைச் சொறிந்தான்.

"சித்தி, ஒரு வீட்டுல உலை செத்துப்போச்சு. சின்னக் குழந்தை இருக்கு. உன் வேலையக் கொஞ்சம் தள்ளிப் போடட்டுமா?"

"போட்டுக்கோ. எனக்கென்ன அவசரம்? டாங்க்ல பாதிக்கு மேல எண்ணெய் இருக்கு."

இப்படி மூன்று தடவை தள்ளிப்போனது. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வரிப் படிவத்தின் விளக்கக் குறிப்பை அவள் உட்கார்ந்து படித்தாள். பணம் கட்டிய தேதிக்கு மதிப்பே இல்லை. இயந்திரம் பொருத்தி முடிந்து, ஓடும் நிலைக்கு வந்த தேதிதான் செல்லும்.

லோரெட் இருபத்தாறு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். விவாகரத்தானவள், தனியாக இருக்கிறாள். காலையும் மாலையும் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது போக, விளையாட்டுக் குழுக்களை வெளியூர்ப் போட்டிகளுக்கு அழைத்துப் போவாள். அதற்குத் தனிச் சம்பளம். ஆனால் ஐந்தாறு மணி நேரம் பெடலில் கால் வைத்தபடி உட்கார்ந்தால் அவளுடைய வலது முட்டி வீங்கிவிடுகிறது. இரண்டாயிரம் டாலர் திரும்பி வந்தால், வசந்தகாலப் பயணங்களை இந்த வருடத்தோடு விட்டுவிடுவதாகப் பள்ளியில் சொல்லியும் வைத்திருந்தாள்.

முப்பத்தொன்றாம் தேதி புதன்கிழமை. காலை பதினோரு மணிக்கு ரெனால்ட் வந்தான். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்துநான்கு டிகிரி. பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் ஏணியைப் பிடிக்க நான் போனேன். பனிக் குவியலுக்கு எட்டாத உயரத்தில் வெளிப்பெட்டியை மாட்டி, குழாய்களை இணைத்து, மின்கம்பியைக் கொடுக்கும்போது ஒரு மணி ஆகிவிட்டது.

மிச்சம் இருந்தது ஒரே வேலை. குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பு வைத்து உறிஞ்சி வெற்றிடமாக்க வேண்டும். பிறகு பம்பை நிறுத்திவிட்டுப் உள்ளே இருக்கும் அழுத்தத்தைக் காட்டும் மானியைப் பத்து நிமிடம் பார்க்க வேண்டும். எண் ஐந்நூறுக்குக் கீழேயே நின்றால் வெளிப்பெட்டியில் அடைத்திருக்கும் வாயுவைக் குழாய்க்குள் திறந்துவிடலாம். ஏறினால் உள்ளே ஈரம் இருக்கிறது, அல்லது எங்கோ கசிகிறது.

ஏறியது.

ரெனால்ட் குழாய் இணைப்பைப் பிரித்து, குழாயின் வாயை மறுபடி விரித்து இறுக்கினான். குளிரில் பம்பின் எண்ணெய் கெட்டியாகிவிட்டதால் அதைச் சமையலறைக்குள் கொண்டுவந்து, கதவிடுக்கு வழியாக அதன் ரப்பர் குழாயை வெளியே விட்டோம். கதவிடுக்கில் வந்த குளிருக்கு லோரெட் கோட்டைப் போட்டுக்கொண்டு மேசையருகே உட்கார்ந்திருந்தாள். கோழிச் சூப்பு அடுப்பில் இருந்தது. யாரும் தொடவில்லை.

இரண்டாவது முறையும் ஏறியது, மெதுவாக. மணி மூன்று. ஜன்னலில் வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது. ரெனால்டின் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்து ஊரில் இன்னொரு வீட்டில் மின்இணைப்பு மட்டும் கொடுக்க வேண்டும். அவர்களுக்கும் இன்றுதான் கடைசி நாள்.

"சித்தி, வெளிப்படையாச் சொல்றேன்," என்றான் அவன். "இப்பவே வாயுவத் திறந்து விடறேன். ஓடும். சூடு வரும். தேதிக்குத் தேதியும் ஆச்சு."

"அப்புறம்?"

"ரெண்டு மூணு வருஷத்துல கம்ப்ரசர் போயிடும்."

"நல்லா இருக்குடா. வேற?"

"வேற… பேப்பர்ல இன்னைக்குத் தேதி போட்டுத் தரேன், நீ கையெழுத்துப் போடு. வெள்ளிக்கிழமை வந்து முடிச்சுக் குடுத்துடறேன். எவன் வந்து பாக்கப் போறான்? ஊர்ல எத்தனை பேரு அப்படிப் பண்றாங்கன்னு நான் சொல்லட்டுமா?"

"சொல்லாத. நாளைக்குச் சர்ச்சுல அவங்க மூஞ்சியப் பாக்கணும்."

நான் அவனுக்கு ஆதரவாகப் பேசினேன். "லோரெட், நீ அக்டோபர்லயே பணம் கட்டிட்ட. மத்தவங்களுக்காகத்தான் விட்டுக் குடுத்த. ரெண்டு நாள்ல யார் குடி முழுகிடும்? போட்டுடு."

"நீங்க படிச்சவரு, எதுக்கும் ஒரு நியாயம் கண்டுபிடிச்சுடுவீங்க," என்றாள். "தெனமும் விடியறதுக்கு முன்னாடி நான் பஸ்ஸச் சுத்தி வரேன். டயர், விளக்கு, பின்கதவு, எல்லாம் பாத்துட்டுத்தான் ஃபாரத்துல கையெழுத்து. ஷெட்டுக்குள்ள சூடா உக்காந்துகிட்டே டிக் போடறவங்க இருக்காங்க. அவங்க பஸ்ஸும் ஓடத்தான் செய்யுது. என்னால முடியல, அவ்வளவுதான். ஓடாத மெஷின ஓடுதுன்னு எழுதி எனக்குப் பழக்கமில்ல." பிறகு ரெனால்டின் பக்கம் திரும்பினாள். "ஏண்டா, பன்னெண்டு வருஷம் என் பஸ்ல வந்தியே, அப்பவும் ஸ்டாப்புக்கு லேட்டாத்தான் வருவ. உனக்காக நான் நிறுத்தி வெச்சுக் காத்துக்கிட்டிருந்தேன். இன்னொரு தடவ வேக்குவம் போடுடா."

அவன் இணைப்பை மறுபடி இறுக்க வெளியே போனான்.

மூன்றாவது முறை பம்பை நிறுத்தியபோது மணி நாலு இருபது. எண் முந்நூற்றுப் பத்து. மூவரும் குனிந்து பார்த்தோம். ஐந்து நிமிடத்தில் முந்நூற்று அறுபது. ஏழில் நானூறு. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. ஒன்பதாவது நிமிடம் நானூற்றுத் தொண்ணூறு. அதற்கு மேல் அது யாருக்காகவும் நிற்கவில்லை. ஐந்நூற்று நாற்பது, அறுநூறு.

லோரெட் எழுந்து அடுப்பை அணைத்தாள். "அந்த வீட்டுக்குப் போ. அவங்களுக்காவது ஆகட்டும்."

"சித்தி…"

"போடான்னா. அங்கயும் லேட்டாப் போகாத."

அவன் போன பிறகு அவள் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி என் முன்னால் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கன்னம் நனைந்திருந்தது. கோபத்தினால் என்றுதான் நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை ரெனால்ட் கசிவைக் கண்டுபிடித்தான். சுவருக்குள் செருகியபோது குழாயில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் விழுந்திருந்தது. குழாயையே மாற்றினான். எண் இருநூற்று எண்பதில் நின்றது. தாளில் ஜனவரி இரண்டு என்று எழுதிக் கொடுத்தான். பிப்ரவரியில் லோரெட் வரிப் படிவத்தைப் பென்சிலால் நிரப்பினாள். ஹீட் பம்ப் கழிவுக்கான கட்டத்தை வெறுமையாக விட்டாள்.

அவள் செய்ததை நேர்மை என்று சொல்ல எனக்கு இன்னும் தயக்கம்தான். அந்தச் சொல்லை எடுத்தால் அவளே சண்டைக்கு வருவாள். தேர்ந்தெடுக்க இரண்டு வழிகள் இருக்கும் இடத்தில்தான் நேர்மைக்கு வேலை என்று படித்திருக்கிறேன். அவளுக்கு அன்று இரண்டு வழி இருந்ததாகவே எனக்குத் தோன்றவில்லை. எனக்கு இருந்தது. ‘போட்டுடு’ என்று சொன்னபோது நான் தேர்ந்தெடுத்தது எது என்பதும் எனக்குத் தெரியும்.

ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை. பள்ளி மைதானத்தில் சாஃப்ட்பால் குழுவை ஏற்றிக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் இருக்கைக்கு ஏற இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

"முட்டி எப்படி இருக்கு?" என்றேன்.

"வீடு நல்லாச் சூடா இருக்கு," என்றாள்.

கதவை மூடிக்கொண்டு கிளம்பினாள். போட்டி நடக்கும் ஊருக்குப் போக மட்டும் இரண்டரை மணி நேரம்.