இழுபட்ட முத்திரை

ஹோல்ம்பரிப் பேராலயத்தில் முத்திரை மெழுகு தெபால்டின் பொறுப்பு. பனிக்காலம் முழுக்க மெழுகு உருண்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டே திரிவான். ஆயர் எந்நேரம் கூப்பிட்டாலும் அது பதமாக இருக்க வேண்டும். "இவன் கோழி மாதிரி அடைகாக்குறான், குஞ்சு ஒண்ணையும் காணோம்" என்று சமையல்காரர்கள் சிரிப்பார்கள்.

அவன் தங்கை ஹாவிஸும் அவள் கணவனும் ஆயரின் பண்ணையடிமைகள். ஹாவிஸுக்கு நிறைமாதம். இருவரையும் விடுவித்து ஆயர் சாசனம் எழுதச் சொல்லியிருந்தார். பிறப்பதற்குள் முத்திரை விழாவிட்டால் பிள்ளையும் பண்ணைக்கே சொந்தம்.

ஆயரோ படுத்த படுக்கை. கூப்பிட்ட அன்று தெபால்டுக்கு நிலைகொள்ளவில்லை. அக்குள் சூடு போதாதென்று மெழுகைக் கணப்பில் காட்டினான். அது குழைந்துவிட்டது. கருவூலக் குரு ரெய்னர் பக்கத்தில் நிற்க, ஆயர் தம் கையாலேயே முத்திரை அச்சை அழுத்தினார். எடுத்தபோது மெழுகில் விழுந்த ஆயர் உருவம் ஒரு பக்கமாக இழுபட்டு வந்தது.

"நாளைக்கு வேற போட்டுக்கலாம், போடா" என்றார். விடிவதற்குள் கண்ணை மூடிவிட்டார்.

இறந்த ஆயரின் அச்சைப் பீடத்தின் முன் உடைப்பது வழக்கம். அதற்குமுன் துடைத்துத் தரச் சொல்லி அச்சைத் தெபால்டிடமே கொடுத்தார்கள். அறையில் அவன் மட்டும். சாசனம் மடியில், மெழுகு அக்குளில், இந்தமுறை பதமாக. ஓர் அழுத்து போதும். ஆனால் செத்தவர் வைத்த முத்திரை என்று பின்னாளில் எவனாவது கிளப்பினால், தாயும் பிள்ளையும் மறுபடி பண்ணைக்குத்தான். நெடுநேரம் அச்சைப் பார்த்தபடி நின்றான். பிறகு துடைத்து எடுத்துக்கொண்டு போனான்.

கொல்லன் அச்சை உடைத்துச் சுத்தியலைக் கீழே வைத்ததும், கூடியிருந்த குருக்கள் சபைமுன் மண்டியிட்டுச் சாசனத்தை நீட்டினான்.

ரெய்னர் வாங்கிப் பார்த்தார். "என்னடா இது, ஆயரா, மிதிபட்ட தவளையா?"

"ஆயரேதான் அழுத்தினாரு சாமி. நீங்களுந்தான் கூட நின்னீங்க. மெழுகைக் கெடுத்தது நான்."

"நின்னேன், இல்லேங்கல. ஆனா சபையில இப்படிச் சொன்னவனை அப்புறம் மெழுகுகிட்ட விட முடியாது. யோசிச்சுத்தான் பேசறியா?"

"யோசிச்சாச்சு சாமி."

ஆயர்கள் வருவார்கள், போவார்கள். சபையின் முத்திரைக்குச் சாவில்லை. மூத்த குரு தலையசைத்தார். இழுபட்ட முத்திரைக்குப் பக்கத்திலேயே சபை முத்திரையையும் தொங்கவிட்டார்கள். அதற்கு மெழுகு பிசைந்தது வேறொருவன்.

தெபால்டை விறகுக் கொட்டகைக்கு அனுப்பினார்கள். அடுத்த வாரம் ஞானஸ்நானத் தொட்டியருகே ஹாவிஸின் பெண் குழந்தையை ஏந்தி நின்றபோது, பெயரைக் கேட்ட குருவானவர் வழக்கம்போல, "எந்தப் பண்ணைப் பிள்ளை?" என்றார்.

"எந்தப் பண்ணையும் இல்ல சாமி" என்றான் தெபால்ட்.