தெரிந்தது ஒரு எழுத்துதான்

1991இல் பென்னலூர் அருகே ஒரு லென்ஸ் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். சீனாவிலிருந்து மெஷினைப் பொருத்த வந்த இன்ஜினீயர் எனக்குச் சில சீன எழுத்துகளைக் கற்றுத் தந்துவிட்டுப் போயிருந்தார். அதில் எனக்குப் பெருமை.

ஒருநாள் கரண்ட் இருந்தும் மெஷின் நின்றுவிட்டது. "சார், இந்த மூடி மேல இன்னா எழுதிக்கீது?" என்று கேட்டாள், பிள்ளைப்பாக்கத்திலிருந்து வேலைக்கு வந்த செல்வி.

இரண்டு எழுத்துகள் இருந்தன. முதலாவது தெரியவில்லை, இரண்டாவது 'ஒளி'. "ஏதோ லைட்டும்மா. எரியுதான்னு தொறந்து பாரு," என்றேன்.

குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தவள் அலறிக்கொண்டு அதைப் பொத்தினாள். பிறகு கையை எடுத்து, அந்தக் கண்ணால் மட்டும் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "சார், உங்க மூஞ்சி இருக்கிற எடத்துல கறுப்பாத்தான் தெரியுது."

அந்த இரண்டு எழுத்துகளும் சேர்ந்தால் லேசர் என்று அர்த்தமாம். அந்தக் கண் இனித் தேறாது என்றார் டாக்டர்.

"யார் தொறக்கச் சொன்னது?" என்று மேனேஜர் விசாரித்தார். செல்வி என்னைப் பார்த்தாள். "அவளாத்தான் தொறந்தா சார்," என்றேன். அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

வெளியே வந்ததும், "தெரியலன்னு சொல்லியிருக்கலாமே சார்," என்று மட்டும் சொன்னாள்.

இப்போதெல்லாம் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். மேனேஜரிடம் சொன்ன அந்தப் பொய்யை மட்டும் இன்றுதான் ஒப்புக்கொள்கிறேன்.