நாள் தள்ளிப்போகவில்லை

கருத்தடை மாத்திரையை நிறுத்திச் சில மாதங்களாகியும் எனக்கு மாதவிடாய் வரவில்லை. வயது முப்பத்தொன்பது. நான் பயப்படவில்லை, சந்தோஷப்பட்டேன்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவின் சூப்பர்வைசர் நான். தாமதமாகத்தான் கல்யாணம் நடந்தது. அடுத்த வருடமே மாமியார் பக்கவாதத்தில் படுத்துவிட்டார். அவரைப் பார்த்துக்கொள்ள நானும் கணவர் சேகரும் மட்டுமே. குழந்தையைத் தள்ளிப்போட்டோம்.

அந்த மாத்திரை அட்டையில் வெள்ளை மாத்திரைகள் முடிந்ததும் ஒரு வாரத்துக்குப் பழுப்பு மாத்திரைகள் (இரும்புச்சத்து மட்டும் உள்ளவை) இருக்கும். அந்த வாரத்தில்தான் உதிரம் வரும். ஷிப்மெண்ட் நெருங்கினால் எங்கள் பிரிவுப் பெண்கள் சிலர் பழுப்பை விட்டுவிட்டு அடுத்த அட்டையின் வெள்ளையைத் தொடங்கிவிடுவார்கள். அந்த மாதம் தொந்தரவு இருக்காது. நானும் அப்படித் தொடங்கினேன். மாமியாருக்கு இன்னும் முடியாமல் போனபிறகு பழுப்பைத் தொடவே இல்லை. உதிரம் வராதபோதெல்லாம், அதை வரவிடாமல் வைத்திருப்பது நான்தான் என்று நம்பினேன்.

மாமியார் இறந்து வருஷ திவசம் முடிந்ததும் மாத்திரையை நிறுத்தினேன்.

கூட வேலை செய்யும் நூர்ஜஹான்தான் முதலில் கேட்டாள். "இன்னாக்கா, நாள் தள்ளிப்போச்சா? மூஞ்சே செவந்து கெடக்குது. பிரியாணி எப்போ?"

உண்மையில் என் முகம் அடிக்கடி கொதித்தது. அவள் சொன்னதையே நானும் நம்பினேன். மருந்துக்கடையில் வாங்கிய கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் ஒரு கோடுதான் விழுந்தது, கர்ப்பம் இல்லை என்று. மறுவாரமும் ஒன்றுதான்.

வேலூரில் ஒரு பெண் மருத்துவரைப் பார்த்தோம். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. சில வாரங்கள் கழித்து மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது என்று நான் சொல்லத் தொடங்கியபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தள்ளிப்போகலம்மா. நின்னுபோச்சு."

சினைப்பைகள் (கருமுட்டை உருவாகும் உறுப்புகள்) காலத்துக்கு முன்பே ஓய்ந்துவிட்டன என்றார். மாத்திரை இதைச் செய்யவில்லை, மறைத்து மட்டுமே வைத்திருந்தது. பழுப்பு வாரத்தில் வருவதுகூட உண்மையான மாதவிடாய் அல்ல, மருந்து நிற்பதால் வரும் உதிரம். முகத்தின் கொதிப்பும் இதன் அறிகுறிதான். தானாகக் கரு தங்குவது மிக அரிது என்றார். வேறொருவரின் கருமுட்டையால் முயலலாம் என்றும் சொன்னார். சேகர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

எப்போது நின்றது என்று கேட்டேன். அதைச் சொல்ல வழியில்லை என்றார்.

திரும்பும் பஸ்ஸில் சேகர் ஜன்னலைப் பார்த்தபடி, "அம்மா மட்டும் படுக்காம இருந்திருந்தா..." என்றார்.

"அப்டி பேசாதீங்க" என்றேன்.

மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு ஒன்று சொல்வேன். உதிரம் வராமல் இருந்தால் காரணத்தை நீங்களே முடிவுசெய்யாதீர்கள். கர்ப்பமா என்று முதலில் பாருங்கள், பிறகு மருத்துவரிடம் போங்கள்.

இப்போது எலும்புக்கும் இதயத்துக்கும் பாதுகாப்பாக ஹார்மோன் மருந்து எடுக்கிறேன். அதனால் மாதாமாதம் உதிரம் வருகிறது, சொன்ன தேதிக்கு. அதில் எனக்கு எந்தச் செய்தியும் இல்லை.

தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவள் நான். என் உடலில் அது நின்ற நாளிலும் ஏதாவது எழுதியிருப்பேன். மாமியார் அரை இட்லி சாப்பிட்டார், மழை இல்லை, குழந்தையை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று.